குரல் போடாத இடம்

கரைத்தீவு,
14 ஜூலை 2024, ஞாயிறு.

அன்புத் தங்கை நஸ்லாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன்மீது இறங்குவதாக. நானும் உன் மகள் ஸபீனாவும் உடல் நலத்துடன் இருக்கிறோம். உள்ள நலத்தைப் பற்றியதே இந்தக் கடிதம்.

சென்ற இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் நீ அழைத்தபோது, முதல் வாரம் அவள் குளிக்கிறாள் என்றும் மறுவாரம் ஓதப் போயிருக்கிறாள் என்றும் கூறினேன். இரண்டும் பொய். இரு தடவையும் அவள் என் எதிரிலேயே, கட்டிலின் விளிம்பில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். கைபேசியை நீட்டினேன்; சுவரைப் பார்த்தாள். நமது வீடு ஒரே அறை என்பதை நீ அறிவாய். தொலைபேசியில் நான் எதைச் சொன்னாலும் அவள் காதில் விழும். உனக்கும் உன் மேடம் வெள்ளிக்கிழமை அஸர்த் தொழுகைக்குப் பின் கால் மணி நேரம் மாத்திரமே கைபேசியைக் கையில் தருகிறார். ஆகவே நமது பழைய வழிக்கே வருகிறேன். இக்கடிதத்தைப் புத்தளம் நகருக்குக் கொண்டு சென்று, யூட்டின் கொமினிகேசன் கடையில் படம் பிடித்து, குவைத்தில் நீ வேலை செய்யும் வீட்டுக்கு மேல்மாடியில் வேலை செய்யும் அவன் தங்கை இசபெலின் கைபேசிக்கு அனுப்புவிப்பேன். ஒரு வரியும் வாசிப்பதில்லை என்று யூட் தன் தலையில் கைவைத்துச் சொல்லியிருக்கிறான்.

காரணத்தைச் சொல்கிறேன். நகைக்காதே. ஜப்பானியர் வரைந்த தொடர் ஒன்றைச் சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குச் சிங்களத்தில் காட்டுகிறார்கள். 'வெரளே தூலா' என்று பெயர். கடற்கரையின் மகள்மார் என்று பொருள். ஒரு சிறு துறைமுக ஊர், வாரத்துக்கு ஒரு பெண் பிள்ளையின் கதை. ஒருத்தி சைக்கிள் திருத்துபவள். ஒருத்தி மீனவன் மகளாய்ப் பிறந்தும் நீந்தத் தெரியாதவள். இன்னொருத்திக்கு நாக்குத் திக்கும். பாண் ரொட்டிக் கடையில் விலையைத் துண்டில் எழுதிக் காட்டுவாள். இந்த வாரம் நடுநாயகமாக நிற்பவள் அடுத்த வாரக் கதையில் தெருவோரமாக நடந்து போவாள். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிறு பிள்ளைகளின் காரியம் என்று எண்ணி, ஊராரின் மனுக்களை எழுதிக்கொண்டே ஒரு காதால் கேட்டு வந்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

ஆறாவது கதை, மஞ்சள் மழைக்கோட்டு அணிந்த ஒரு பிள்ளையுடையது. சிங்களத்தில் அவளுக்கு மல்ஷா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாய் கடலுக்கு அப்பால் வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை மாலை தோறும் குடையுடன் இறங்குதுறையில் நிற்கிறாள். கடைசியில் ஒரு கடிதம் வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அலையோரம் நிற்கையில் தாயின் குரல் கேட்கிறது: எனக்காகக் காத்திருக்காதே மகளே, இங்கே எனக்கு இன்னொரு மகள் இருக்கிறாள்.

ஸபீனா எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"எங்கட உம்மாக்கும் அங்க ஒரு மகள் இரிக்கி. அனுப்பின போட்டோவில ஊட்டி விட்டுக்கொண்டு இரிக்கிறா."

"அது அந்த வீட்டுப் பிள்ளை, மகள். அது உம்மாட வேலை."

"வேலைக்குச் சிரிக்கோணுமா?" என்று கேட்டாள்.

உலகத்தாருக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுப்பவள் நான்; இதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. அவளுக்கென்று நான்கு வரி எழுதி அனுப்பு. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் ராத்தா,
நிஸ்ரின்


குவைத்,
20 ஜூலை 2024

ராத்தா,

ஸலாம். குப்பை போடும் அறையில் வைத்துத்தான் உங்கள் கடிதத்தை வாசித்தேன். இசபெல் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, உங்கட ராத்தா கோட்டுக் கேசுக்கு எழுதுற மாதிரியெல்லோ தங்கச்சிக்கும் எழுதுறா" என்றாள்.

நம்ப மாட்டீர்கள். அந்தத் தொடரை நானும் பார்க்கிறேன். இங்கே அரபியில் 'பனாத்துல் மீனா', துறைமுகத்துப் பெண்கள், என்று போகிறது. மேடத்தின் மகள் தானாவுக்கு எட்டு வயது. அவள் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருந்து துணி மடிப்பேன். பாண் கடைப் பிள்ளை கடைசியில் திக்கித் திக்கி ஒரு விலையைச் சத்தமாகச் சொன்னாளே, அன்று நானும் தானாவும் கை தட்டினோம். மஞ்சள் கோட்டுப் பிள்ளையை இங்கே ரீம் என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் ராத்தா, அவளுடைய உம்மா அப்படிச் சொல்லவே இல்லை. கடிதத்தோடு அலையில் நிற்கும்போது வருகிற குரல், முதல் கப்பலில் வருகிறேன் என் கண்ணே, கதவைத் தாழிடாதே என்றுதான் சொன்னது. நான் தானாவின் பள்ளிக்கூடச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சட்டையைத் திரும்பவும் அயன் பண்ண வேண்டியதாய்ப் போயிற்று. ஒரே படம், எப்படி இரண்டு கதை? உங்களுக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லையா, எனக்கு அரபு விளங்கவில்லையா?

வேலைக்குச் சிரிக்க வேண்டுமா என்று கேட்டாளாம். ஓம், வேண்டும். ஆனால் அந்தப் போட்டோவில் நான் வேலைக்குச் சிரிக்கவில்லை. இதை என் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். செப்டெம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று மேடம் கேட்டுவிட்டா. ஆகஸ்ட் முடிவதற்குள் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு நான் வேண்டாம் என்றால் வைத்துவிடுவேன். வந்து யாரோடு இருக்க?

ஆனால் அவளுடைய கோபம்தான் எனக்கு விளங்கவில்லை. ஜனவரியில் கடிதத்தில் அவளையே கேட்டேனே, உம்மா மார்ச்சில் வரட்டுமா, நிற்கட்டுமா என்று. நிற்கச் சொன்னவள் அவள்தானே? அவள் சொன்னபடிதானே ஆறு மாதம் நீட்டினேன்? நிற்கச் சொன்ன பிள்ளை, நின்றதற்கு ஏன் கோபிக்கிறாள்? இதைக் கேட்டு எழுதுங்கள் ராத்தா. மற்றதெல்லாம் பிறகு.

நஸ்லா


கரைத்தீவு,
28 ஜூலை 2024, ஞாயிறு.

அன்புத் தங்கைக்கு,

உனது கடிதம் கிடைத்தது. எனது சிங்களம் பற்றி நீ எழுப்பிய ஐயம் என்னை உறங்க விடவில்லை. புத்தளம் சந்தையில் முப்பது வருடமாகச் சிங்களத்தில் பேரம் பேசி வருபவள் நான். ஆகவே மூலத்தையே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

செவ்வாய்க்கிழமை கச்சான் காற்று வீதி மணலை எல்லாம் பஸ்ஸுக்குள் கொண்டு வந்து கொட்ட, முகத்தை மூடிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். யூட் கணினியில் தேடி, ஜப்பானியக் குரல்களுடனேயே அந்தத் தொடரை எடுத்துத் தந்தான். பேச்செல்லாம் அடியில் ஆங்கிலத்தில் ஓடிற்று. ஆங்கிலத்தை நான் எவரிடமும் கற்கவில்லை, விண்ணப்பப் படிவங்களிடம் கற்றேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஆறாவது கதையை இரண்டு மணி நேரம் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் உண்மையான பெயர் சயோ. மல்ஷாவும் அல்ல, ரீமும் அல்ல.

கடிதத்துடன் அலையோரம் நிற்கும் இடம் வந்தது. அடியில் எழுத்து வரவில்லை.

"யூட், இதில் வசனம் விடுபட்டிருக்கிறது. வேறு பிரதி பார்" என்றேன்.

"விடுபடேல்ல ராத்தா. ஒருத்தரும் கதைக்கேல்ல" என்று அவன் தன் காதில் இருந்த குழாயைக் கழற்றி என்னிடம் தந்தான். "கேட்டுப் பாருங்கோ. கடல் மட்டும்தான்."

கேட்டேன், நஸ்லா. ஒன்றரை நிமிடம் கடல் மட்டும்தான். சயோ அந்தக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. கையில் வைத்துப் பார்க்கிறாள், மழைக்கோட்டின் பைக்குள் வைக்கிறாள், வீட்டுக்கு நடக்கிறாள். கதை முடிந்தது. தாய் என்ன எழுதினாள் என்பது படைத்தவர்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சிங்களக் குரல் போட்டவர்களுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை; தங்கள் மனம் போனபடி ஒரு தாயை உண்டாக்கினார்கள். அரபுக்காரருக்கும் பொறுக்கவில்லை, அவர்கள் வேறொரு தாயை உண்டாக்கினார்கள். நீ ஒருத்திக்காக அழுதாய், உன் பிள்ளை மற்றவளுக்காகத் தொலைக்காட்சியை அணைத்தாள். இருவருமே இல்லாதவர்கள்! பிறர் வாய்க்குள் சொல்லை வைப்பதற்கு இவர்களுக்கு அதிகாரம் தந்தவர் யார் என்று கடையில் இருந்தபடியே உரத்துக் கேட்டேன். போட்டோப் பிரதி எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஸபீனாவிடம் விவரமாகச் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தன்னையும் யூட்டின் கடைக்குக் கூட்டிப் போகும்படி கேட்டாள். மூலக் கதைகளை ஒன்று விடாமல் பார்க்க வேண்டுமாம். கூட்டிச் செல்கிறேன். ஆனால் உன் அழைப்புக்கு இன்னும் வர மறுக்கிறாள்.

ஜனவரி மாதத்து விடயம் குறித்துப் பின்னர் விரிவாக எழுதுவேன்.

நிஸ்ரின்


குவைத்,
3 ஆகஸ்ட் 2024

ராத்தா,

நீங்கள் இரண்டு பக்கம் எழுதினீர்கள். நான் கேட்டது ஒன்று. அதற்கு மட்டும், விண்ணப்பத்தை ஒத்திப் போடும் செயலகம் மாதிரி ஒரு வரி.

ஜனவரியில் நீங்கள் அனுப்பிய கடிதம் இசபெலின் கைபேசியில் இன்னும் அழியாமல் இருக்கிறது. எடுத்து வாசித்தேன். ஸபீனா சொன்னாள் என்று நீங்கள் எழுதியது இது: "தாங்கள் அங்கேயே பணியில் தொடர்வதுதான் எனது கல்விக்கு உகந்தது எனக் கருதுகிறேன்."

இசபெல் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ட மகனுக்கும் பத்து வயசுதான் அக்கா. உகந்தது எண்டா, அது என்ன பிஸ்கட் எண்டு கேப்பான்."

நான் சிரிக்கவில்லை. ஜனவரியில் அதை வாசித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் எழுதினால் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். மீன்காரரும் அப்படித்தான், கிராம சேவகரும் அப்படித்தான். என் மகளும் அப்படிப் பேசுகிறாளாக்கும், வளர்ந்துவிட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வரியை ஒரு துண்டில் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். பெருமையாகவும் இருந்தது, நெஞ்சு வலிக்கவும் செய்தது.

அவளிடம் கேட்டீர்களா, இல்லையா? ஒரு சொல் போதும்.

நஸ்லா


கரைத்தீவு,
10 ஆகஸ்ட் 2024, சனி.

நஸ்லா,

இல்லை.

நீ ஒரு சொல் கேட்டாய், தந்துவிட்டேன். இனி எழுதுவது எனக்காக.

ஜனவரியில் யூட் வழியாக உன் கடிதம் வந்த அன்று, திரை வெடித்த என் கைபேசியில் எழுத்துகள் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. "வாசிச்சிக் காட்டுங்க பெரியும்மா" என்று தன் நாடியை என் தோளில் வைத்துக்கொண்டாள். உம்மா வரட்டுமா, நிற்கட்டுமா என்ற வரிக்கு வந்தேன். அதற்குப் பதிலாக, நன்றாகப் படி மகள், பெரியும்மாவின் சொல்லைக் கேள் என்று வாசித்தேன். என் குரல் தடுமாறவில்லை. இன்றுவரை என்னை அச்சுறுத்துவது அதுதான். பிறகு அவளுடைய பதில் என்று ஒன்றை இயற்றி உனக்கு அனுப்பினேன்.

இருபது வருடமாக ஊராருக்காக எழுதுகிறேன். பக்கத்து வளவு றஊப் நானா வந்து, "அந்த நாய் எண்ட வேலியப் புடுங்கி எறிஞ்சிட்டான்" என்பார். எனது எல்லை வேலி அனுமதியின்றி அகற்றப்பட்டுள்ளது என்று எழுதுவேன். வாசித்துக் காட்டினால், "ஓம் ஓம், இதைத்தான் நான் சொன்னது" என்று மகிழ்ந்து போவார். மனிதர் சொன்னதை நான் எழுதுவதில்லை, சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். அதனால் பலருக்குக் காணி கிடைத்தது, பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. நான் அதில் பெருமை கொண்டவள், இப்போதும் கொள்கிறேன். ஆனால் றஊப் நானாவுக்காக எழுதியபோது அவருடைய வேலியைத்தான் மனதில் வைத்தேன். உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து எழுதியபோது என்னை மனதில் வைத்தேன்.

நீ விமானம் ஏறிய அன்று அவளுக்கு ஆறு வயது. இரண்டு ஒப்பந்த காலமாக என் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு உறங்குகிறாள். காய்ச்சலில் அவள் உளறினால் என் பெயரைச் சொல்கிறாள். நீ வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடுவாய், போகத்தான் வேண்டும், அதுவே முறை. அந்த முறையை ஆறு மாதம் தள்ளிப் போட்டேன். ஓர் அறையில், எதிரே ஒருவரும் இல்லாமல் இருக்க அஞ்சி, ஆறு மாதம்.

நேற்று முன்தினம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சப்பாத்து காலிலேயே இருந்தது.

"அப்ப உம்மாட வாயால நீங்க கதைச்சீங்களா?"

"ஓம்."

"எண்ட வாயாலயும்?"

"ஓம், மகள்."

"சிங்களக்காரரையும் அரபிக்காரரையும் அந்த ஏச்சு ஏசினீங்களே பெரியும்மா, கடையில நிண்டு."

மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தாள். அழவில்லை. அன்று படுக்கும்போது தலையணையை எடுத்துக்கொண்டு மற்றச் சுவரோரம் போனாள். காலையில் பாணை அவளே வெட்டிக்கொண்டாள். எனக்கும் இரண்டு துண்டு வெட்டி வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் பள்ளிக்கூடம் போனாள். அந்த இரண்டு துண்டையும் மீதி வைக்காமல் உண்டேன்.

இனி நீ அழைக்கும்போது கைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் வீட்டின் எதிரே களப்பு நீரின் ஓரத்துக்குப் போய்விடுவேன். கால் மணி முடியும்வரை திரும்ப மாட்டேன். அவள் பேசினாளா, என்ன பேசினாள் என்று அவளிடமும் கேட்க மாட்டேன், உன்னிடமும் கேட்க மாட்டேன். கையெழுத்து வைப்பதா இல்லையா என்பதில் என் கருத்தை நீ கோரக்கூடாது. எழுதினால் மறுபடியும் நன்றாக எழுதிவிடுவேன்.

மன்னிப்பைக் கோரும் தகுதி எனக்கு இல்லாவிடினும் கோருகிறேன்.

நிஸ்ரின்


குவைத்,
24 ஆகஸ்ட் 2024

ராத்தா,

பதினாறாம் திகதி நான் வேண்டுமென்றுதான் அழைக்கவில்லை. தவறி உங்கள் குரல் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயம். கேட்டால் அழுவேன், அழுதால் மன்னித்துவிடுவேன். அவ்வளவு லேசாக விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிழமை முழுக்க உங்களை ஏசிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். இரண்டு கோப்பை உடைந்தது.

நேற்று அழைத்தேன். கைபேசி எடுபட்டது. ஸலாம் சொன்னேன், பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. மகளே, கண்ணே, உம்மாவில் கோபமா என்று வாய்வரை வந்தது. பிறகு நீங்கள் எழுதிய அந்தக் கடல் ஞாபகம் வந்தது. நானும் ஒன்றை இட்டு நிரப்பக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே கழுதை ஒன்று கத்தியது. குவைத்தில் குளியலறைக்குள் நின்றுகொண்டு எங்கள் ஊர்க் கழுதையைக் கேட்டேன் ராத்தா. ஆறு நிமிடம் அப்படியே போனது. மேடம் தட்டிவிடுவாவோ என்று கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உம்மா, லைன்ல இரிக்கிறீங்களா?"

"ஓம் மகள்."

"பெரியும்மா வெளியில நிக்கிறா. காத்துல ஓர்ணி பறக்குது, புடிக்கவும் தெரியாம நிக்கிறா. ஜனவரியில நீங்க உண்மையா என்ன கேட்டீங்க?"

"வரட்டுமா, நிக்கட்டுமா எண்டு கேட்டன்."

"எனக்கிட்டயா? சின்னப் பிள்ளைக்கிட்டயா?"

"உன்னட்டத்தான்."

அதை யோசித்தாள் போல. பிறகு ஒரேயடியாகக் கேட்டாள்.

"பத்தாவது கதை பாத்தீங்களா? வெளிச்ச வீட்டுப் பிள்ளைட கதை. அதுல சயோ பின்னால நடந்து போறா. ரெண்டு குடை கொண்டு போறா உம்மா. ஒண்டு பெரிய குடை."

"நான் பாக்கல்லையே."

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. பின்னால போறவங்களுக்கு ஒருத்தரும் குரல் போடுறல்ல. சிங்களத்துலயும் போடல்ல, அரபியிலயும் போட்டிரிக்க மாட்டாங்க. அப்ப அதுதானே உண்மை?"

"அப்ப அவட உம்மா வந்திட்டாவா மகள்?"

"தெரியா. உம்மாவக் கூட்டி வரப் போறாவாக்கும்."

அதற்குள் அடுத்த கேள்வி.

"தானாக்கு நீங்கதான் தலை இழுத்து விடுறதா?"

"ஓம்."

"விருப்பத்தோட?"

பொய் சொல்லியிருக்கலாம். வேலைதான் மகள் என்று சொல்லியிருக்கலாம். "ஓம், விருப்பத்தோட. அதுவும் ஒரு பிள்ளைதானே" என்றேன்.

"எண்ட முடி வேற மாதிரி. சுருள். நீங்க பழகோணும்."

"பழகுறன்."

"அப்ப வாங்க" என்றாள். உடனேயே, "ஆனா ரிப்போட்டுல பெரியும்மாதான் சைன் வைக்கோணும். அவட சைன்தான் வடிவு" என்றாள். சிரித்துக்கொண்டே ஓம் என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்த பிறகு அது கொஞ்சம் குத்தியது. குத்தட்டும்.

மேடத்திடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். தானா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவளை விட்டுவிட்டு வருவதும் எனக்குச் சும்மா இல்லை. இதை ஒருநாள் ஸபீனாவிடம் நேரிலும் சொல்வேன், என் வாயால். செப்டெம்பர் 28, சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறேன்.

தனியாகப் போய்விடுவேன் என்று யார் உங்களுக்குச் சொன்னது? நான் சொன்னேனா? அதையும் நீங்களே எனக்காக எழுதிக்கொண்டீர்கள். எங்கே போவேன் நான், உங்களை விட்டுவிட்டு? நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டபடியால்தான் நான் படித்தேன். அதைச் சொல்லிக் காட்டாத ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆனால் மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வரும். அவசரப்பட்டு நீங்களே அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
நஸ்லா


கரைத்தீவு,
1 செப்டெம்பர் 2024, ஞாயிறு.

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். ஐந்தாம் முறை ஸபீனா வாசித்துக் காட்ட நான் கேட்டேன். யூட்டின் கடைக் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல், கோப்பை உடைந்ததையும் சேர்த்து வாசித்தாள். நான் இடையில் புகுந்து பொருள் சொல்ல வேண்டிய அரபுச் சொல் எதுவும் அதில் இல்லாததில் எனக்கு நிம்மதி.

உன் மன்னிப்புக்காகக் காத்திருப்பேன். அதை விரைவுபடுத்தும் பொருட்டு எந்த வாசகத்தையும் இங்கு சேர்க்கவில்லை என்பதைக் கவனத்திற்கொள்வாயாக.

பயண ஏற்பாடு: நம் ஊர் நளீரின் வேன் 28ஆம் திகதி அதிகாலையில் வரும். அவன் மனைவியும் ஸபீனாவுக்குத் துணையாக வருவாள். நான் வரவில்லை. முதற்பார்வை உங்கள் இருவருக்கும் உரியது. நடுவில் இன்னொரு முகம் வேண்டியதில்லை. சமைத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பேன். இது தாழ்வு மனப்பான்மையால் எடுத்த முடிவு அல்ல, ஒழுங்கு கருதி எடுத்தது.

சுருள் முடி பற்றி: காய்ந்த பின் சீப்புப் போடாதே, இழுபடும், உன்னை வெறுப்பாள். ஈரம் இருக்கும்போதே, நுனியில் தொடங்கி மேலே போ. இடது காதுக்குப் பின்னால் ஒரு சிக்கு எப்போதும் இருக்கும். அதற்கு மாத்திரம் தேங்காயெண்ணெய். நீ நேரில் வந்ததும் செய்து காட்டுவேன்.

இக்கடிதத்தின் அடியில் தனக்கு இடம் விட வேண்டும் என்று ஸபீனா கேட்டிருக்கிறாள். விட்டிருக்கிறேன். அவள் எழுதுவதை நான் வாசிக்க மாட்டேன், திருத்தவும் மாட்டேன். மடித்து அவள் கையிலேயே கொடுப்பேன். நாளைக்கு யூட்டிடம் அவளே கொண்டுபோய்ப் படம் பிடிப்பிப்பாள்.

உன் வரவை எதிர்நோக்கும் ராத்தா,
நிஸ்ரின்

உம்மா,

பெரியும்மா பாக்கல்ல. நான் கையால மறைச்சிக்கொண்டுதான் எழுதுறன். எயார்போட்டுக்கு வர மாட்டன் எண்டு எழுதியிருப்பா, நம்பாதீங்க. நேத்தும் இண்டைக்கும் அபாயாவ எடுத்து அயன் பண்ணினா. இன்னும் ஒரு மாசம் இரிக்கி. தடிமன் எண்டு சொல்லி மூக்கத் துடைக்கிறா. தடிமன் ஒண்டும் இல்ல. நளீர் மாமாட்ட நான் அவவுக்கும் சீட் சொல்லிட்டன். அவ வரல்லாட்டி நான் வேன்ல ஏற மாட்டன், அப்ப அவவால ஒண்டும் செய்ய ஏலா.

நான் திரும்பவும் அவக்குப் பக்கத்துலதான் படுக்கிறன். ஆனா இன்னும் கோவம்தான், அத அவக்கிட்டயே சொல்லிட்டன். நீங்களும் வந்து அவவ ஏசோணும். நல்லா ஏசுங்க. ஆனா நான் பள்ளிக்கூடம் போனாப் பொறகு ஏச வேணாம். எனக்குக் கேக்குற மாதிரி ஏசுங்க.

ஸபீனா